வயர்லெஸ் செட்டுகளில் குறியாக்கச் சாவியை ஏற்றுவதற்குத் தனிக் கருவி எதற்கு, மடிக்கணினியே போதாதா?

அதிர்வெண்களை ஏற்றும் அதே மடிக்கணினியைக் கொண்டு குறியாக்கச் சாவியையும் (பேச்சைப் பிறர் கேட்காதபடி மறைக்கும் இரகசிய எண்ணையும்) ஏற்றிவிடலாமே, கீ லோடர் என்ற விலையுயர்ந்த பெட்டி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு வயர்லெஸ் பிரிவின் பராமரிப்புப் பொறுப்பை அண்மையில் ஏற்றவர் என்றும், அந்தப் பெட்டிக்காக எழுதி அனுப்பிய கோரிக்கை "அவசியமா?" என்ற குறிப்புடன் திரும்பி வந்திருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். அதே குறிப்பை நானும் பல ஆண்டுகள் வாங்கியவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவசியம்தான், ஒன்று அல்ல, செட்டுகள் எத்தனை இடங்களில் பராமரிக்கப்படுகின்றனவோ அத்தனை இடங்களிலும் அவசியம்.

அதிர்வெண்ணும் சாவியும் ஒரே செட்டுக்குள் போய்ச் சேர்ந்தாலும், அவற்றை ஒரே வகைத் தகவலாக எண்ணக் கூடாது. ஓரிடத்தில் நிலையாக இயங்கும் சேனலின் அதிர்வெண்ணை, ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் கொஞ்சம் பொறுமையிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். சாவி வெளியே போனாலோ, அதை வைத்துப் பேசிய பேச்சு முழுவதும், முன்பே பதிவு செய்து வைக்கப்பட்டவையும் சேர்ந்து, வெளியே போய்விடும். பி25 என்ற டிஜிட்டல் வயர்லெஸ் தரத்தில் இயங்கும் செட்டுகளில், ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறைக்கான சாவியை எழுதினால் 64 பதினறும இலக்கங்கள் (0 முதல் 9, A முதல் F) வரும். அதை ஒரு பொதுக் கணினியில் தட்டச்சு செய்தால், அது கோப்பாக, காப்புப் பிரதியாக, மின்னஞ்சல் இணைப்பாக எங்கெல்லாம் தங்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. கீ லோடரோ சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, செட்டுக்குள் மட்டும் செலுத்துவதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே போன சாவியைத் திரையில் திரும்பப் படிக்க அது இடம் தராது.

இந்தப் பெட்டிகள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். அமெரிக்கப் படைகளில் புழங்கிய கேஓஐ-18 என்ற கருவிக்கு நினைவகமே கிடையாது. துளையிட்ட காகித நாடாவைக் கையால் இழுத்தால், அது படித்துச் செட்டுக்குள் அனுப்பும். கேஒய்கே-13 என்ற கையடக்கப் பெட்டி ஆறு சாவிகளைச் சுமந்து செல்லும். ஆனால் அவற்றைக் குறியாக்கம் செய்யாமலே வைத்திருக்கும். ஆகவே பெட்டி தொலைந்தால் சாவியும் தொலைந்ததாகத்தான் பொருள். அடுத்து வந்த ஏஎன்/சிஒய்இசட்-10 சாவிகளைக் குறியாக்கம் செய்தே சேமித்தது, ஆயிரம் சாவிகள் வரை கொண்டது, எந்தச் சாவி எப்போது கையாளப்பட்டது என்ற பதிவேட்டையும் தானே எழுதிக்கொண்டது. என் கருத்தில் அந்தப் பதிவேடுதான் கொள்ளளவைவிடப் பெரிய முன்னேற்றம். காகிதத்தில் இருக்கும் சாவி எத்தகைய ஆபத்து என்பதற்கு ஜான் வாக்கரின் வழக்கு போதும்: அமெரிக்கக் கடற்படையில் சாவிப் பட்டியல்களைக் கையாளும் பணியில் இருந்த அவர், அவற்றைப் படமெடுத்து, ஓய்வுபெற்ற பிறகு கூட்டாளிகள் வழியாகவும், 1960களின் இறுதியில் தொடங்கி 1985இல் கைதாகும் வரை சோவியத் ஒன்றியத்துக்கு விற்றுவந்தார். கருவிகளின் கணக்கீட்டு முறையை எவரும் உடைக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

பேசும்போதே அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும், அதிர்வெண் தாவும் செட்டுகளில் மட்டும் அதிர்வெண்ணும் சாவியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அமெரிக்கப் படைகளின் சின்கார்ஸ் வகைச் செட்டு 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 2,320 சேனல்களுக்குள் விநாடிக்கு நூறு தடவைக்கும் மேல் தாவுகிறது. எந்த அதிர்வெண்களில் தாவலாம் என்ற பட்டியல், தாவும் வரிசையைத் தீர்மானிக்கும் தனிச் சாவி, பேச்சை மறைக்கும் சாவி, துல்லியமான நேரம் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் இரு செட்டுகள் பேசிக்கொள்ளும். தொடக்கத்தில் அதிர்வெண் பட்டியலுக்கு ஒரு பெட்டியும் பேச்சுச் சாவிக்கு வேறொரு பெட்டியும் தேவைப்பட்டன. ஒன்றை ஏற்றி மற்றொன்றை மறந்தால் அந்தச் செட் குழுவிலிருந்து விலகி நிற்கும். பிற்காலக் கருவிகள் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுகின்றன.

இனி என் அனுபவம். நான் பணியாற்றிய இடத்தில் பி25 செட்டுகள் வாங்கப்பட்டபோது, தலைமைப் பணிமனைக்கு ஒரு கீ லோடரும் தொலைவிலிருந்த கிளைக்கு இன்னொன்றும் கிடைத்தன. ஆனால் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் சாவியை நேரடியாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் தேவையற்ற கூடுதல் செலவு என்று கொள்முதல் பிரிவு நீக்கிவிட்டது. எனவே கிளைக்குச் சாவி மூடிய உறையில், காகிதத்தில் சென்றது. அங்கே ஒருவர் 64 இலக்கங்களையும் விசைப்பலகையில் அடித்தார். அதன் பிறகு கிளைச் செட்டுகள் தங்களுக்குள் தெளிவாகப் பேசின, எங்கள் செட்டுகளும் அப்படியே. கிளைச் செட்டும் எங்கள் செட்டும் ஒன்றோடொன்று பேசினால் மட்டும் கரகரப்பு. குறியாக்கத்தை அணைத்தால் எல்லாம் சரி. களத்திலிருந்தவர்கள் செட்டுகளைக் குறைகூறினார்கள், சில செட்டுகள் பழுது என்று எழுதப்பட்டு உற்பத்தியாளருக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

ஒவ்வொரு சாவிக்கும் தரப்படும் அடையாள எண் பொருந்தாதிருந்தால் பெறும் செட் அமைதியாக இருந்துவிடும். அடையாள எண் பொருந்தி, உள்ளிருக்கும் சாவி மட்டும் வேறாக இருந்தால்தான் இத்தகைய கரகரப்பு வரும். பி25 முறையில் பிழைதிருத்தத் துணுக்குகள் (வழியில் சிதைந்ததைக் கண்டறிந்து சரிசெய்யும் கூடுதல் பிட்கள்) குறியாக்கத்துக்குப் பிறகு சேர்க்கப்படுவதால், வந்து சேர்ந்த தரவில் குறையேதும் இல்லை என்றே செட் நம்பும்; தவறான சாவியால் அவிழ்த்த குப்பையைக் குரலாக மாற்றி ஒலிக்கும். கரகரப்பு என்று கேட்டவுடனேயே செட்டுகளை அனுப்ப வேண்டாம், சாவியைப் பாருங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கிளை லோடரின் பதிவேட்டில் சாவி கையால் உள்ளிடப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. எங்கள் லோடரைக் கையோடு எடுத்துச் சென்று, கிளையின் செட் ஒன்றில் சாவியை மறுபடி ஏற்றியதும் அது எங்கள் செட்டுகளோடு தெளிவாகப் பேசியது. தட்டச்சு செய்தவரைக் குறைசொல்வதற்கு ஒன்றுமில்லை. மனிதக் கண்ணும் விரலும் செய்யக் கூடாத வேலையை அவரிடம் கொடுத்ததுதான் குறை. இடைப்பட்ட நாள்களில் களத்தினர் குறியாக்கத்தை அணைத்துவிட்டே பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. சேமித்த தொகை, திருப்பி அனுப்பிய செட்டுகளின் போக்குவரத்துச் செலவுக்கே சரியாகியிருக்கும்.

"பாதுகாப்பு விவகாரங்களைப் பொதுவில் எழுதலாமா?" என்று சிலர் கோபப்படலாம். இங்கே நான் குறிப்பிட்ட கருவி விவரங்கள் யாவும் நெடுங்காலமாக அச்சில் இருப்பவை. எந்த அமைப்பின் சாவியும் நடைமுறையும் இதில் இல்லை. நான் கூறுவது ஒரு தனிமனிதக் குமுறல் என்று கருதுவோர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாட் பிளேஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட பி25 ஆய்வைப் படிக்கலாம். மறைவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டே அரசுப் பணியாளர்கள் வெளிப்படையாகப் பேசியதை அவர்கள் பல நகரங்களில் கேட்டார்கள். சாவிகளை அடிக்கடி மாற்றும் வழக்கம், சாவி இல்லாதவர்களைக் குழுவில் உண்டாக்கி, எல்லோரையும் வெளிப்படைப் பேச்சுக்குத் தள்ளுகிறது என்பதும் அவர்களுடைய முடிவுகளில் ஒன்று.

வான்வழியாகவே சாவியை மாற்றும் வசதி வந்துவிட்டதே என்று உங்கள் மேலதிகாரி கேட்பார். அப்படி அனுப்பப்படும் சாவியை இன்னொரு சாவியால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். அந்த முதல் சாவி செட்டுக்குள் கம்பி வழியாக, கீ லோடரிலிருந்துதான் போக வேண்டும். நெடுநாள் அணைந்திருந்து மாற்றத்தைத் தவறவிட்ட செட்டும், பழுதுபார்ப்பில் சாவி அழிந்த செட்டும் உங்கள் மேசைக்கே திரும்பி வரும்.

ஆகவே கோரிக்கையை மறுபடி எழுதும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: லோடரிலிருந்து லோடருக்குச் சாவி மாற்றும் வசதி, நீங்கள் வாங்கிய ஒவ்வொரு செட் வகைக்கும் பொருந்தும் இணைப்புக் கம்பி, பதிவேட்டை வெளியே எடுத்துச் சேமிக்கும் வழி. மூன்றாவதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒரு செட் தொலைந்துபோனால், அதில் எந்தெந்தச் சாவிகள் இருந்தன என்று அந்தப் பதிவேடு காட்டினால் அவற்றை மட்டும் மாற்றலாம். அது இல்லையென்றால் உங்கள் பிரிவிலுள்ள அத்தனை செட்டுகளையும் வரவழைத்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.