டீப் ஸ்பேஸ் நைனை நாலு எபிசோடில் விடாதீர்கள்

"நாலு எபிசோடு ஆச்சு, ஒரு இடத்துக்கும் போகவில்லை, வாயேஜருக்குத் தாவிவிடவா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரே விண்வெளி நிலையத்தில் நடக்கும் இந்த ஸ்டார் டிரெக் தொடருக்கு நகராமல் இருப்பதுதான் பலமே. வாயேஜர் போன்ற மற்ற ஸ்டார் டிரெக் தொடர்களில் பெரும்பாலும் வாரம் ஒரு கிரகம்; வம்பை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். இதில் செய்த வினையோடு குடியிருக்க வேண்டும்.

முதல் சீசன் கொஞ்சம் மந்தம்தான், சரி. ஆனால் அதில் கடைசிக்கு முந்தைய 'டூயட்' பாருங்கள்: பெரும்பகுதி சிறை அறையில் இரண்டு பேர் பேசுவதுதான். பெங்களூரு மெட்ரோவில் அதைப் பார்த்துக்கொண்டே இந்திராநகரில் இறங்க மறந்தேன். அப்புறம் ஐந்தாம் சீசன் முடிவில், நிலையத்தைக் கைவிடும் அதன் தளபதி சிஸ்கோ மேசைமேல் தன் பேஸ்பாலை விட்டுப்போவார். 'திரும்பி வருவேன்' என்று எதிரிக்குச் சேதி!

வாயேஜர் கப்பல் வீடு திரும்ப எப்படியும் ஏழு சீசன் ஆகும், காத்திருக்கட்டும்.