ஆபரேஷனுக்காக மனநோய் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 45 வயது. மனச்சிதைவு நோய்க்கு 14 வருடமாக க்ளோசபின் சாப்பிடுகிறார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மயக்க ஊசியோடு சேர்ந்தால் ஆபத்து, ஒரு வாரம் முன்பே நிறுத்து என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தினம் ஒரு கட்டு பீடியும் உண்டு. – வாசகி, திங்கள்சந்தை

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. சொந்தக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கலாம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மயக்க மருத்துவர் இருக்கிறார், அன்று காலை மாத்திரை உண்டா இல்லையா என்பதை அவரும் மனநல மருத்துவரும் பேசிச் சொல்லட்டும். ஒரு வாரம் விட்டால் அண்ணனுக்குக் காதில் பழைய குரல்கள் திரும்பக் கேட்க ஆரம்பித்து, அவர் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வார்டை விட்டே இறங்கி நடந்துவிடலாம். அப்புறம், 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் கொடுக்கவே கூடாது, 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

பீடியைப் பற்றி எழுதினீர்களே, அது நல்லதாய்ப் போயிற்று, நிறையப் பேர் மறைப்பார்கள். புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். ஆஸ்பத்திரியில் பீடி நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடும். தூங்கி வழிவார், எச்சில் ஒழுகும், வலிப்புகூட வரலாம். காயம் ஆறுவதற்கு பீடியை முன்பே விடுவது நல்லதுதான், ஆனால் மனநல மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடட்டும், அவர் அளவைக் குறைப்பார்.

மலச்சிக்கல் இன்னொன்று. க்ளோசபினே குடலை மந்தமாக்கும், மேலே சில வலி மாத்திரைகளும் சேர்ந்தால் குடல் அசையாமலே நின்றுவிடலாம். தினமும் போனாரா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

எனக்கு அதிகம் பயம் வலியில்தான். மனச்சிதைவு உள்ள பலர் வலியைச் சொல்லவே மாட்டார்கள். குடல்வால் வெடித்த ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து, "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார், கூட வந்தவர்களோ "அவன் எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்றார்கள். சாப்பாட்டை ஒதுக்கினால், குனிந்து நடந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால், நீங்களே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சம்மதப் படிவத்தில், புரிந்துகொண்டால் அண்ணனே கையெழுத்துப் போடலாம். மனநோய் உள்ளவர் என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஆகாது. உடல்நோயாளிக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. போகும்போது மாத்திரை அட்டையையும் கடைசியாக எடுத்த ரத்த அணுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.