கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் பிள்ளை

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதில் மகன், மூன்றரை வயதில் மகள். மகனை ஐந்து மாதங்களாக மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன் வகுப்புக்கு (மூடிக் கிடக்கும் நடுமூளையைத் திறந்துவிடுவார்களாம்) அனுப்புகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டே சீட்டின் நிறம் சொல்கிறான், புத்தகத்தில் வரி வரியாக வாசிக்கிறான். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. நாத்தனார் வீட்டு வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார், ஒரே கைதட்டல். கட்டணத்துக்காக என் வளையல் ஒன்றை அடகு வைத்தோம், அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் நான் துண்டால் கண்ணைக் கட்டினால் மட்டும் அவனுக்கு வருவதில்லை. 'அந்த மாஸ்க்தாம்மா வேணும், அதுலதான் கீழ தெரியும்' என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, 'அப்பாகிட்ட சொல்லிராத' என்கிறான். குழந்தைகளின் குறும்பைக் கேட்க வேண்டுமா! இப்போது அதே மையத்தில் சின்னவளை வலது மூளைப் பயிற்சியில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சி முடிந்துவிடுமாம். உடனே சேர்க்கலாமா, இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சின்னவளைச் சேர்க்க வேண்டாம். இப்போதும் வேண்டாம், ஓராண்டு பொறுத்தும் வேண்டாம். நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அதைப் பேச வேண்டும்.

'அப்பாகிட்ட சொல்லிராத.'

இதற்குக் குறும்பு என்று பெயர் வைத்து, ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அழைப்புமணியை அடித்துவிட்டு ஓடினால் அது குறும்பு அம்மா. உங்கள் பிள்ளை அப்பாவின் முகம் வாடிவிடக் கூடாதே என்று ஒரு பொய்யை ஐந்து மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டு திரிகிறான். வாய் தவறி உங்களிடம் உண்மை வந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். அவன் கேட்டுக்கொண்டபடியே அப்பாவிடம் சொல்லாமலும் இருந்துவிட்டீர்கள். இப்போது அந்தப் பொய்யில் நீங்களும் கூட்டு.

வளைகாப்பு இதற்கு முன்பா, பின்பா? கடிதத்தில் அது இல்லை. பின்பு என்றால், கீழே தெரிகிறது என்று தெரிந்தே பிள்ளையைச் சபை நடுவே நிறுத்தியிருக்கிறீர்கள். முன்பு என்றாலும் எனக்குச் சமாதானம் இல்லை. 'இனிமேல் இதைச் செய்து காட்ட வேண்டாம் கண்ணு' என்று அவனிடம் சொன்னதாக ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.

கொஞ்சம் அவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். வகுப்பில் மாஸ்க்கை மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணை முழுக்க மூடியதுபோலத்தான் இருக்கும். ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து விழும். மூக்கு துருத்திக்கொண்டிருக்கிற முகங்களில் அது விழத்தான் செய்யும். கண்ணைத் தாழ்த்தினால் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கும் சீட்டு அதன் வழியே தெரியும். மேஜிக் மேடைகளில் வெகுகாலமாகப் புழங்குகிற வித்தைதான் இது. உங்கள் மகன் சீட்டை எப்படிப் பிடிக்கிறான் என்று நினைவுபடுத்துங்கள். தாடைக்குக் கீழே, உடம்போடு ஒட்டி, தலையை லேசாகச் சாய்த்து, சில நேரம் மூக்கருகே கொண்டுபோய் முகர்வதுபோல. சரிதானே? தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அவன் வாசித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முதல் நாள் எதேச்சையாகத்தான் அவன் கண்ணில் பட்டிருக்கும். நிறத்தைச் சரியாகச் சொன்னதும் கைதட்டல். பக்கத்துப் பையனுக்கும் கைதட்டல். அந்த நேரத்தில், 'சார், எனக்குக் கீழே தெரியுது' என்று எந்தப் பிள்ளை எழுந்து சொல்லும்? சொன்னால் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான் மூளை திறக்காதவன். அம்மாவின் வளையல் எங்கே போனது என்பது அவனுக்குத் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். நம் வீடுகளில் பணப் பேச்சு எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது? வளையல் போயாயிற்று, அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. இனி அவன் எப்படிப் பின்வாங்குவான்? ஏமாற்று என்று யாரும் அவன் காதில் ஓத வேண்டியதில்லை. உங்கள் இருவரின் சந்தோஷமே அவன் வாயைக் கட்டிவிட்டது.

எனக்கு இதில் பயம் வேறு ஒரு இடத்தில். நாளைக்கு வேனிலோ டியூஷனிலோ எவனாவது ஒரு பெரிய ஆள் அவனிடம் கையை நீட்டிவிட்டு, முதலில் சொல்லப்போவது 'அப்பாகிட்ட சொல்லிராத' என்பதைத்தான். அன்றைக்கு உங்கள் மகன் ஓடிவந்து சொல்ல வேண்டும். வீட்டில் உண்மையைச் சொன்னால் யாரும் உடைந்துபோக மாட்டார்கள், எவ்வளவு செலவாகியிருந்தாலும் பரவாயில்லை என்கிற தைரியம் அவனுக்கு இப்போதே இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது பெற்றவர்களின் கடமை. அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றும் வேலை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடையாது.

உங்கள் கணவருக்காக நடுமூளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைத் தண்டின் மேல்முனையில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கிற பகுதி அது. கண் அசைவது, வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா சுருங்குவது, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது என்று பல வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் செல்கள் அழிவதும் அங்கேதான். பிறந்த குழந்தைக்கே அது வேலை செய்துகொண்டிருக்கிறது. இவர்கள் சொல்கிற மாதிரி மூடிக் கிடந்திருந்தால் உங்கள் மகனால் கண்ணைச் சரியாக அசைக்கக்கூட முடிந்திருக்காது. கண்ணுக்குள் வெளிச்சம் போகாமல் அச்செழுத்தை வாசிக்க யாராலும் ஆகாது, எத்தனை லெவல் கட்டணம் கட்டினாலும். மங்களூரில் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்த வகுப்புகளின் குட்டை வெளிப்படையாகவே உடைத்துக் காட்டியிருக்கிறார். மூக்கோர இடுக்கை ஒழுங்காக அடைத்தால் வித்தை அத்தோடு நின்றுவிடும்.

அப்படியானால் மகனை வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள். அவன் உண்மையை ஏற்கனவே சொல்லிவிட்டான். மறுபடி அவன் கண்ணைக் கட்டி, வராமல்போவதைப் பார்த்து நிரூபிப்பது கொடுமை. மாஸ்க்கை எடுத்து உங்கள் கணவரின் முகத்தில் மாட்டுங்கள். கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுங்கள். ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாமலே அவருக்கும் நடுமூளை திறந்துகொள்ளும்.

அப்புறம் மகனிடம் பேச வேண்டியது அவர்தான். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம். 'ஏன்டா பொய் சொன்னே' என்று ஆரம்பிக்கக் கூடாது. 'கீழே தெரியுதுன்னு அம்மாகிட்ட நீ சொன்னது நல்லது. ஏமாந்தது நாங்க. காசு போனதுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை. இனி அந்த வகுப்பு வேண்டாம்.' இவ்வளவு போதும். நீங்கள் அப்பாவிடம் சொன்னதற்காக அவன் உங்கள் மேல் கோபப்பட்டால், படட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். வளைகாப்புக்கு வந்த நாத்தனார் குடும்பத்துக்கும் உங்கள் கணவரே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த விசேஷத்தில் எந்தச் சித்தப்பாவாவது, 'எங்கே, அந்தக் கண்ணைக் கட்டி வித்தையைக் காட்டு' என்று பிள்ளையைக் கூப்பிடுவார். அப்போது அவன் எங்கே போய் ஒளிவான்? நாலு பேர் முன்னால் பெருமை தேடிக்கொண்டவர் அதே நாலு பேரிடம் ஏமாந்த கதையைச் சொல்வதுதான் முறை. அவர்கள் வீட்டிலும் குழந்தை பிறக்கப் போகிறது, அவர்களுக்கும் உதவும்.

சரி, சின்னவள். ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சி முடிந்துவிடும் என்பது பாதி உண்மையை வைத்து நடத்தும் வியாபாரம். ஆறு வயதில் மூளையின் அளவு பெரியவர்களின் மூளையில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும், அது சரி. ஆனால் திட்டமிடுவதையும் ஆசையை அடக்குவதையும் கவனிக்கிற முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. வலது மூளை, இடது மூளை என்ற பேச்சுக்கு மூலம் அமெரிக்க மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வு. 1981இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் ஆராய்ந்தது கடும் வலிப்புக்காக இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிய நோயாளிகளை. உங்கள் மகளுக்கு அந்த இணைப்பு முழுசாக இருக்கிறது. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தபோது, வலது மூளைக்காரர், இடது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சீட்டு என்று நூறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதை இந்த மையங்கள் பயிற்சி என்கின்றன. சின்னக் குழந்தை எப்படிக் கற்கிறது என்பதற்கு குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரிசியா கூல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடத்திய ஒரு சோதனையைச் சொல்கிறேன், 2003இல் வெளியானது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் அதுவரை கேட்டிராத சீன மொழி. ஒரு குழுவோடு ஆட்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டிப் பேசி விளையாடினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள், பிறந்ததிலிருந்தே சீனம் கேட்டு வளரும் தைவான் குழந்தைகளுக்கு நிகராகச் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றும் கற்கவில்லை.

ஜமைக்காவில் 1986-87 வாக்கில் தொடங்கிய ஆய்வு இதைவிட முக்கியமானது. ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், ஒரு மணி நேரம், வீட்டுச் சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஆண்டு, அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். வறுமையில் வாடிய பிள்ளைகளிடம் கிடைத்த கணக்கு அது, உங்கள் மகளுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே பயிற்சி யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள். தாய்க்கு. மையத்தில் சேர்த்துவிட்டால், மாலையில் அந்த ஒரு மணி நேரம் நீங்கள் மகளை வண்டியில் வைத்து மையத்துக்கு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அபாகஸாவது, அதாவது மணிச்சட்டத்தில் கணக்குப் போடும் பயிற்சியாவது, பரவாயில்லையா என்று அடுத்த கடிதம் வரும், அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அபாகஸ் இதுமாதிரி மோசடி இல்லை. வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. கணக்கில் முன்னேற்றம் இருந்தது. நினைவாற்றல், புத்திக்கூர்மை என்று பொதுவாக மூளை ஒன்றும் மாறவில்லை. மகனுக்குப் பிடித்தால் கணக்குக்காக அனுப்புங்கள். மூன்றரை வயதுக்கு அதுவும் வேண்டாம்.

பணத்தைச் சும்மா விட வேண்டியதில்லை. விளம்பரத் துண்டுச்சீட்டு, ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். முதலில் மையத்துக்கு எழுத்தில் ஒரு கடிதம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும்.

ஆகையால் அதற்கு அவசரமில்லை. மகனிடம் பேசுவதற்குத்தான் அவசரம். இந்த வாரம் அவனுக்கு வகுப்பு எந்தக் கிழமை? அதற்கு முன்னால் உங்கள் கணவர் அவனிடம் பேசி முடித்திருக்க வேண்டும்.