விலை குறைந்த கார்பன் அம்பு: கேட்டவர்களுக்குப் பதில்

ஞாயிறு காலைகளில் கேளம்பாக்கம் பக்கம் ஒரு தோப்பில் மர வில்லோடு பயிற்சி செய்கிறேன். கார்பன் அம்பைப் பற்றி அங்கே பலர் கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரி நண்பர்: என் ரீகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) 40 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. 400, 500, 600 என்று தண்டுகள் கிடைக்கின்றன. எதை வாங்க?

முதலில் அந்த 40-ஐ நம்பாதீர்கள். அது நாணை 28 அங்குலம் இழுக்கத் தேவைப்படும் பலத்தின் கணக்கு. கைகளை விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள். 165 செ.மீ. என்றால் 66 செ.மீ., அதாவது 26 அங்குலம்தான் உங்கள் இழுப்பு. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். ஆக உங்கள் கையில் இருப்பது 36 பவுண்டு வில்.

தண்டில் உள்ள எண்தான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் அது அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் கூடினால் தண்டு இளகலானது, குறைந்தால் விறைப்பானது. கடைக்காரர்களே இதை மாற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மர வில்லில் அம்பு நேர் நடுவே உட்காராது, பிடியின் ஓரமாகத்தான் இருக்கும். விட்டதும் வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தண்டு விறைப்பாக இருந்தால் வளையாமல் பிடியில் இடித்துக்கொண்டு விலகும். உங்களுக்கு 600-இல் தொடங்கலாம், 700-உம் ஒத்துவரலாம். 400 வேண்டவே வேண்டாம்.

ஒரே அடியாக ஒரு டஜன் வாங்காமல் இரண்டு மூன்று மட்டும் வாங்கிச் சோதியுங்கள். சிக்கனம் என்றால் இதுதான்.

அம்பத்தூரிலிருந்து: தப்பாக 500 வாங்கிவிட்டேன். எனக்கும் அதே 36 பவுண்டுதான். காசு போச்சா?

போகவில்லை, வெட்டாமல் இருந்தால். நீளம் கூடினாலும் முனை கனத்தாலும் தண்டு இளகலாக நடந்துகொள்ளும். முழு நீளத்தில் வைத்து, 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) முனையைக் கழற்றிவிட்டு 150, அப்புறம் 175 போட்டுப் பாருங்கள். இறகில்லாத ஓர் அம்பையும் இறகுள்ள அம்புகளையும் 10 மீட்டரில் விடுங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் இன்னும் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் இளகல். இளகலானால் கால் அங்குலம் மட்டும் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

சோதனையைக் காலையில் வையுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் அம்பு விலகியது ஸ்பைனாலா காற்றாலா என்று தெரியாது.

மயிலாப்பூர் அம்மா ஒருவர், மகனுக்காக: .001 நேர்த்தி (தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதற்கான அங்குலக் கணக்கு) என்று போட்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே?

மலிவுத் தண்டில் போட்டிருக்கும் .006 அங்குலம் என்பதே 0.15 மி.மீ. கோணல்தான். 20 மீட்டரில் விரலால் இழுத்து விடும் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, மேடம். மிச்சமாகும் பணத்தில் நல்ல இறகு வாங்குங்கள். எடை ஒன்றுபோல் இருப்பதுதான் முக்கியம். நகை நிறுக்கும் சின்ன தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒத்த எடையுள்ளவற்றை ஒன்றாகச் சேருங்கள்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெயின். அதற்கும் கீழே போனால் அம்பு வேகமாகப் போகும்தான், ஆனால் மிச்ச அதிர்வை வில் தாங்க வேண்டும். 30 அங்குலத் தண்டு 240, முனை 125, இன்சர்ட் (முனையைத் தண்டில் பொருத்தும் துண்டு), நாக் (நாணில் மாட்டும் பின்முனை), இறகு எல்லாம் 35 என்று வைத்தால் 400 கிரெயின், சுமார் 26 கிராம். 40 பவுண்டுக்குக் கச்சிதம். 'மிக்ஸ் கார்பன்' என்று விற்கும் மலிவுத் தண்டில் கண்ணாடி இழையும் கலந்திருக்கும், கொஞ்சம் கனக்கும். மர வில்லுக்கு அந்தக் கனம் கெடுதல் இல்லை.

மரம் போல வண்ணம் அடித்த கார்பன்?

அழகுக்குக் கூடுதல் காசு, அவ்வளவுதான். போட்டிக்கு என்றால் கவனம்: நம் நாட்டுப் போட்டி வகையான இந்தியன் ரவுண்டில் மூங்கில் வில்லோடு மூங்கில் அல்லது மர அம்புதான், கார்பனுக்கு இடமில்லை.

பிளாஸ்டிக் இறகு போதாதா? மழையில் நனையாதே!

பிடிக்கு மேலுள்ள வில்லின் திண்டிலேயே அம்பை வைத்து விடுகிறீர்கள் என்றால் போதாது. பிளாஸ்டிக் மடங்காமல் இடிக்கும். பறவை இறகு படிந்து கொடுக்கும். ஐப்பசி மழைக்கு வீட்டில் இருங்கள்.

முனையை எதால் ஒட்டுவது?

குறைந்த சூட்டில் உருகும் பசை. முனையைச் சூடாக்குங்கள், தண்டைச் சூடாக்காதீர்கள். கார்பனைப் பிடித்திருக்கும் பிசின் கெட்டுவிடும். ஒரு மே மாதம் அம்புகளைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தேன். எடுத்து விட்ட முதல் அம்பைப் பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வந்தது, முனை வைக்கோலுக்குள். அதிலிருந்து எபாக்ஸிதான். ஆனால் ஸ்பைன் முடிவான பிறகு ஒட்டுங்கள், அதற்குப் பின் கழற்றுவது பெரும்பாடு.

பல்லாவரம் தம்பி: தண்டில் மெல்லிய கீறல். டேப் சுற்றி விடலாமா அண்ணா?

விடாதே. கீறல் விட்ட கார்பன் நாண் உதைக்கும்போது உடைந்து, சிராய் வில்லைப் பிடித்த கையிலேயே ஏறும். கல்லிலோ கம்பத்திலோ பட்ட ஒவ்வோர் அம்பையும் இரு முனையிலும் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு லேசாக வளைத்துத் திருப்பிப் பார். 'கிரக்' என்று கேட்டால் அதோடு சரி. என் மாடியில் தக்காளிச் செடிகளுக்கு முட்டு எல்லாம் அப்படி ஓய்வுபெற்ற அம்புகள்தான். உன் டேப்பை அங்கே சுற்றலாம், வெட்டுமுனையில்.