சைக்கிளும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்கிறாள்

கேள்வி: அன்பான அக்காவுக்கு, நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். கணவர் இல்லை. கச்சான் காலத்தில் கச்சான் பிடுங்கப் போவேன், மற்ற நாட்களில் கிடைக்கிற கூலி வேலை. மூன்று பிள்ளைகள், மூத்தவள் தரம் 10. போன வருடக் கடைசியில் யூடியூப் சனல் வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து உலர் உணவுப் பொதியும் மகளுக்கு ஒரு சைக்கிளும் தந்தார். கனடாவில் உள்ள ஒரு குடும்பம் அனுப்பிய காசு என்றார். வீடியோ எடுக்கிறோம் என்றார், நானும் தலையாட்டினேன். எடுக்கும்போது மகளிடம் "அப்பா எங்க?" என்று கேட்டார். அவள் அழுதுவிட்டாள். "சைக்கிள் இருந்தா ரியூசனுக்கு நேரத்துக்குப் போவன்" என்று அழுதபடி சொன்னாள். அந்தத் துண்டை யாரோ வெட்டிப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விட்டிருக்கிறார்கள். வகுப்புப் பிள்ளைகள் அதே குரலில் பேசிக் காட்டுகிறார்களாம். "கையில போன் இருக்கு, காதில தோடு இருக்கு, இவைக்குக் கஷ்டமாம்" என்று கீழே கொமெண்ட் வேறு. இரண்டு கிழமையாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. சைக்கிளைத் தொடுவதும் இல்லை. வீடியோவை எடுத்துவிடச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களோ? நான் சம்மதித்துத்தானே எடுத்தார்?

— ஒரு தாய்

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சம்மதித்தீர்கள், சரி. எதற்குச் சம்மதித்தீர்கள்? பொதி வாங்குவதைப் படம் எடுக்க. பிள்ளையிடம் தகப்பனைப் பற்றிக் கேட்பார் என்று உங்களுக்கு முதலே சொன்னாரா? அவள் அழுததை வெட்டாமல் போடுவேன் என்றாரா? வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், அரிசி மூட்டையை இறக்கியாயிற்று, ஒருவர் கமராவைத் தூக்கிவிட்டார். அந்த நேரத்தில் "படம் வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படி வாங்கிய சம்மதத்தை எப்போதும் திருப்பிக் கேட்கலாம். அது உங்கள் பிள்ளையின் முகம்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. 2009 இல் எங்கள் குடும்பமும் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது ஒரு நிறுவனம் கூரைத் தகரம் தந்தது. வரிசையில் நின்ற எல்லோரையும் தகரத்தைப் பிடித்தபடி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அம்மாவை மட்டும் இரண்டு தரம் நிற்கச் சொன்னார்கள், முதல் படத்தில் அவர் நிலத்தைப் பார்த்துவிட்டாராம். அடுத்த வருடம் ஏதோ அலுவலாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். சுவரில் தொங்கிய கலண்டரில் ஏப்ரல் மாதத்துக்கு மேலே அம்மா நின்றார். கிழிந்த சட்டை, கையில் தகரம். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அந்தத் தாளைப் புரட்டி மே மாதத்தை முன்னுக்கு விட்டுவிட்டு வந்து இருந்தார். அந்தத் தகரத்துக்குக் கீழேதான் நாங்கள் நாலு வருடம் படுத்தோம், அந்த நன்றி அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. அந்தப் படத்தின் நோவும் இருந்தது. உங்களுக்கும் இரண்டும் இருக்கும். நோவைச் சொன்னால் நன்றி இல்லை என்று ஆகிவிடாது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். முதலில் மகளோடு கதையுங்கள், ஆனால் "பள்ளிக்கூடம் போ" என்று தொடங்க வேண்டாம். "வீடியோவில் எது உனக்கு ஆகக் கஷ்டமாக இருக்கு?" என்று கேளுங்கள். அழுததுதான் என்று நாங்கள் நினைப்போம். அவளுக்கு அது அப்பாவைப் பற்றிய கேள்வியாக இருக்கலாம், பின்னால் தெரிந்த கிழிந்த பாயாக இருக்கலாம், அன்று போட்டிருந்த உடுப்பாகக்கூட இருக்கலாம். எந்த இடத்தை எடுத்தால் அவள் மூச்சு விடுவாள் என்று தெரிந்துகொண்டு அதையே கேட்போம். அவளுக்கு வெட்கப்பட எதுவும் இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் நாங்கள் மனதுக்குள் நினைப்பதைத் தாங்களாக விளங்கிக்கொள்வார்கள் என்று விட்டுவிடக்கூடாது.

அடுத்தது அந்தத் தம்பி. சண்டைக்குப் போக வேண்டாம், போனில் கதைக்கவும் வேண்டாம். எழுத்தில் அனுப்புங்கள், பிறகு தேவைப்பட்டால் காட்டலாம். இப்படி எழுதலாம்: "தம்பி, நீங்கள் செய்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவால் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிறாள். அவளுடைய முகத்தை மறைத்து, அப்பாவைப் பற்றிக் கேட்ட பகுதியை வெட்டிவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்து தாருங்கள்." வீடியோ முழுவதையும் அழிக்கக் கேட்டால் அவர் தயங்கலாம். ஆனால் யூடியூப்பில் ஏற்றிய வீடியோவை அழிக்காமலே முகத்தை மங்கலாக்கலாம், ஒரு பகுதியை வெட்டியும் விடலாம். அதற்கான வசதி அவருடைய யூடியூப் ஸ்ரூடியோவிலேயே இருக்கிறது. பார்த்தவர்களின் எண்ணிக்கையும் குறையாது. "அது ஏலாது அக்கா" என்று சொன்னால் ஏலும் என்று நீங்கள் சொல்லலாம்.

அவர் செய்யாவிட்டால் யூடியூப்பின் தனியுரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். வழமையாக அதைப் படத்தில் இருப்பவரே நிரப்ப வேண்டும், ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்காகத் தாய் நிரப்பலாம். வீடியோவின் இணைப்பையும், மகள் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது செக்கனில் தெரிகிறாள் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முறைப்பாடு கிடைத்ததும், தானாகத் திருத்த 48 மணித்தியாலம் சனல்காரருக்குக் கொடுப்பார்கள். பிறகு யூடியூப்பே பார்த்து முடிவெடுக்கும். டிக்டொக்கில் பாட்டுப் போட்டவர்கள் வேறு ஆட்கள், ஆகவே அந்தத் துண்டுகளைத் தனித்தனியாகத்தான் முறையிட வேண்டும். வீடியோவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் முறையிடும் பொத்தான் வரும். அலுப்பான வேலைதான், ஒரு நாளில் முடியாது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து, இணைப்பையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அழிந்த பிறகு சாட்சி கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இது தெரிந்ததும் உங்கள் சொந்தக்காரர், அயலவர் என்று நல்ல மனதுள்ளவர்கள் எல்லாரும் கோபத்தில் அந்த வீடியோவுக்குக் கீழே போய் ஏசுவார்கள். "இதைப் பாருங்கள், என்ன அநியாயம்" என்று பேஸ்புக்கில் ஷேர் பண்ணுவார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபத்தில் எழுதிய கொமெண்டும் எண்ணிக்கையில் ஒரு கொமெண்ட்தான். ஆட்கள் ஒரு வீடியோவில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று பார்த்துத்தான் யூடியூப்பும் பேஸ்புக்கும் அதை இன்னும் நாலு பேருக்குக் காட்டுகின்றன. வட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 இல் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் பொறுமையாக ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

அந்தக் கொமெண்ட்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கையில போன் இருக்கு" என்று எழுதியவருக்குத் தெரியாதா, 2020 இல் கொரோனாவோடு பள்ளிக்கூடம் பூட்டியபோது பாடம் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வந்தது என்று? போன் இல்லாத பிள்ளைகள் அயல்வீட்டு வாசலில் காத்துக் கிடந்து கொப்பியில் எழுதியதை நான் கண்ணால் கண்டேன். போன் வைத்திருந்தால் கஷ்டம் இல்லை, தோடு போட்டிருந்தால் கஷ்டம் இல்லை, சிரித்தால் கஷ்டம் இல்லை. உதவி வாங்குகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று இவர்கள் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடங்காவிட்டால் கள்ளர் என்கிறார்கள். மகளுக்கு இதை விளங்கப்படுத்துங்கள். அந்த வரிகளை எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாது. எழுதிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

அந்தத் தம்பி ஏன் அப்படி ஒரு கேள்வி கேட்டார் என்று யோசித்திருப்பீர்கள். வீடியோவுக்கு விளம்பரக் காசு வரவேண்டும் என்றால் சனலுக்கு வழமையாக 1,000 சந்தாதாரரும், 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலம் ஆட்கள் பார்த்த நேரமும் தேவை. அப்புறம் வருகிற விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 பங்கு சனல்காரருக்கு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்ப்பவருக்கு விளம்பரக்காரர் கொடுக்கும் விலை இங்கே இருந்து பார்ப்பவருக்குக் கொடுப்பதைவிடக் கூட. பொதியைக் கொடுத்து வாங்கும் வீடியோவை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள்? பிள்ளை அழுதால் ஆட்கள் கடைசிவரை நிற்கிறார்கள். இப்படி வருகிறவர்கள் எல்லாரும் காசுக்காகவே வருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்திலேயே இவர்கள் மூலம் கிணறு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குக் கூரை போட்டவர்கள் இருக்கிறார்கள். காசு தந்தவருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும்தான். அதற்குக் கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, சைக்கிளைப் படம் எடுக்கலாம், ஒரு நிமிட வீடியோவைத் தந்தவருடைய வட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பலாம். ஒரு பிள்ளையிடம், அதுவும் போர் நடந்த வன்னியில், கமராவுக்கு முன்னால் "அப்பா எங்க" என்று கேட்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தக் கேள்விக்கு எங்கள் வீடுகளில் எத்தனை விதமான பதில் இருக்கிறது என்று அந்தத் தம்பிக்கும் தெரிந்திருக்கும்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டம் தொடங்கி, வருடக் கணக்காக இருந்தார்கள். அவர்களும் கமராவுக்கு முன்னால் அழுதார்கள். ஆனால் அங்கே போய் இருப்பது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். பிள்ளையின் படத்தைத் தூக்கிப் பிடித்தவர்களும், யாரைப் பார்த்து என்ன கேட்பது என்று தீர்மானித்தவர்களும் அவர்களே. உங்கள் மகளிடம் யாரும் எதையும் கேட்டுத் தீர்மானிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் மட்டும் ஒரு தரம் போய் வாருங்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் வகுப்பாசிரியரிடம் தனியாகக் கதையுங்கள். காலைப் பிரார்த்தனையில் இதைப் பற்றிப் பேச்சு வைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் தெரியாத பிள்ளைகளும் அன்றைக்கே தேடிப் பார்ப்பார்கள். பேசிக் காட்டுகிற இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுக் கதைத்தால் போதும். அவர்களும் கெட்ட பிள்ளைகள் இல்லை, டிக்டொக்கில் ஒரு குரல் ஓடினால் எல்லாரும் அதற்கு வாயசைப்பது அவர்களுக்கு விளையாட்டு. அந்தக் குரல் அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளையுடையது என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மகளுக்குப் பிடித்த சிநேகிதி ஒருத்தி காலையில் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவாளா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இதற்கும் அந்தத் தம்பி அசையாவிட்டால், அல்லது "சைக்கிளைத் திருப்பித் தா", "உன்னைப் பற்றி இன்னொரு வீடியோ போடுவேன்" என்று யாராவது வெருட்டினால், பயந்து ஒளிக்க வேண்டாம். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவும் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் காசு போகாது. மகள் இரவில் நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல், செத்துப்போகிறேன் என்ற மாதிரிக் கதைத்தால் இதில் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனியும் யாராவது உதவி கொண்டு வருவார்கள், வரட்டும், வாங்குங்கள். கமரா வெளியே வருவதற்கு முன் சொல்லிவிடுங்கள்: "எங்கட முகம் வராமல் எடுங்கோ தம்பி, பிள்ளையளை எடுக்க வேண்டாம்." இதைச் சொன்னதற்காகப் பொதியைத் திருப்பிக்கொண்டு போகிறவர் பொதி கொடுக்க வந்தவர் இல்லை.

சைக்கிளை அவள் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் சனலின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இப்படிக் கொடுக்கிற சைக்கிள்களில் அநேகமாகப் பின் மட்காட்டிலோ நடுக் குழாயிலோ இருக்கும். இருந்தால் வெயிலில் ஒரு மணித்தியாலம் விட்டுவிடுங்கள், பசை இளகும். பிறகு ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசைக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்ட பழந்துணி போதும். ஒரு பக்கத்தை நீங்கள் துடையுங்கள், மற்றத் துணியை அவளிடம் கொடுங்கள்.