முதல் எழுத்து மட்டும் சிக்காதபோது என்ன செய்வது?

கேள்வி: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டில் ஐ, ஜி, எச், டீ நான்கும் பச்சையாகிவிடுகின்றன. முதல் கட்டம் மட்டும் காலி. ஃபைட், லைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குள் ஆறு வாய்ப்பும் தீர்ந்துபோகிறது. இந்த எழுத்துகள் வரும் ஐந்தெழுத்துச் சொற்களைப் பொருளோடு தர முடியுமா? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: புதிதாக விளையாடுபவர்களுக்காக ஒரு வரி: எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். இனி சொற்களைச் சொல்லிவிடுகிறேன். ஐ, ஜி, எச், டீ என்று அதே வரிசையில் முடிகிற, அன்றாடம் புழங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள் எட்டு. ஃபைட் என்றால் சண்டை. லைட் என்றால் வெளிச்சம். கனமில்லாதது, வெளிர் நிறம் என்றும் பொருள் உண்டு. மைட் என்றால் வலிமை. 'வரலாம், நடக்கலாம்' என்று உறுதியில்லாமல் சொல்ல உதவும் துணைவினையும் இதுவே. நைட் இரவு. ரைட் என்பது சரி, வலப்பக்கம், உரிமை மூன்றுக்கும் பொது. சைட் பார்வை அல்லது காட்சி. டைட் இறுக்கமானது. கடைசியாக எய்ட், அதாவது எட்டு என்ற எண்.

இந்த எய்ட்டைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். லைட், நைட் என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி தேடினால் அது அகப்படாது, ஏனென்றால் அதன் ஓசை வேறு. எழுத்தைப் பார்த்தால் அதே நான்கும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. காது இன்னொரு வகையிலும் ஏமாற்றும். வெள்ளை நிறத்துக்கான ஒயிட், பட்டத்துக்கான கைட் எல்லாம் ஒரே ஓசையில் வந்து நிற்கும். ஆனால் அவற்றில் ஜி கிடையாது. உயரத்துக்கான ஹைட்டில் நான்கும் உண்டு, ஆனால் அது ஆறெழுத்து. கே-யில் தொடங்கும் நைட், அதாவது குதிரை வீரன், அதுவும் ஆறு. அதனால் இந்த விளையாட்டில் சொல்லை ஒலியாகத் தேடாதீர்கள். முதல் கட்டத்தில் ஏ தொடங்கி இசட் வரை ஒவ்வொரு எழுத்தாக மனதில் வைத்துப் பாருங்கள்.

இதே முடிவோடு அபூர்வமான சொற்களும் சில இருக்கின்றன. பி-யில் தொடங்கினால் கடற்கரையின் அகன்ற வளைவு. டபிள்யூ-வில் தொடங்கினால் பழைய ஆங்கிலத்தில் மனிதர். இவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம். இந்த விளையாட்டை உருவாக்கிய ஜோஷ் வார்டில் 2021-இல் அதை வெளியிட்டபோது நாம் தட்டச்சு செய்யக்கூடிய சொற்கள் 12,000-க்கும் மேல் இருந்தன. ஆனால் விடையாக வரக்கூடியவை சுமார் 2,300தான், பெரும்பாலும் பழகிய சொற்கள். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. விடைகளின் குணம் பெரிதாக மாறவில்லை.

நான்கு எழுத்தும் மஞ்சளாக மட்டும் இருந்தால் கதையே வேறு. உடனே மேலே சொன்ன குடும்பத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். திங் என்றால் பொருள் அல்லது விஷயம். தை என்றால் தொடை. இதில் எச் இரண்டு முறை வரும், அதனால்தான் எளிதில் தோன்றாது. கர்த் என்றால் சுற்றளவு, மரத்துக்கோ இடுப்புக்கோ சொல்வார்கள். மூன்றிலும் உங்களுடைய அதே நான்கு எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

சரி, நீங்கள் தோற்பதற்குக் காரணம் சொல் தெரியாதது இல்லை. எட்டுச் சொல்லும் தெரிந்தவர்களும் இங்கே தோற்கிறார்கள். ஒரு வாய்ப்புக்கு ஒரே ஒரு எழுத்தைச் சோதிக்கிறீர்கள், அதுதான் சிக்கல். விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லைத் தெரிந்தே போடுங்கள். ஒரு வாய்ப்பை வீணாக்குகிறோமே என்று மனசு தடுக்கும், தயங்காதீர்கள்.

மூன்று வாய்ப்பு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக ஃபிலிம்ஸ் என்று போடுங்கள். திரைப்படங்கள் என்ற பொருளில் வரும் பன்மைதான். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வீச்சில் சோதிக்கப்படும். எஃப் பச்சையானால் ஃபைட். எல் மஞ்சளானால் லைட், எம் என்றால் மைட், எஸ் என்றால் சைட். அந்த நான்கும் சாம்பலா? போக்கு என்று பொருள்படும் ட்ரெண்ட் போடுங்கள். ஆர் மஞ்சளானால் ரைட், இ என்றால் எய்ட், என் என்றால் நைட். முதல் எழுத்தான டீயைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்: விடையின் கடைசியில் ஒரு டீ இருப்பதால் அது எப்படியும் மஞ்சளாகும், பச்சையானால் மட்டுமே விடை டைட். ஆக, எட்டில் எதுவாக இருந்தாலும் ஆறாவது வாய்ப்புக்குள் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றாகப் போட்டிருந்தால் மூன்று சொல்லைத்தான் பார்த்திருப்பீர்கள்.

முன்பே சாம்பலான எழுத்துகள் இருந்தால் ஃபிலிம்ஸும் ட்ரெண்டும் அப்படியே பொருந்தாது. மிச்சமிருக்கும் எழுத்துகளைத் தாளில் எழுதி, அவற்றில் மூன்று நான்கைச் சேர்த்து ஒரு சொல் வருமா என்று பாருங்கள். மனப்பாடம் பற்றிக் கேட்டீர்களே, அந்த உழைப்பை இந்தப் பயிற்சியில் போடலாம் என்பது என் கருத்து. சொற்களைப் பொருளோடு, ஒரே முடிவுள்ள குடும்பமாகப் படித்தால் தானாகவே நிற்கும்.

ஹார்டு மோடில் விளையாடுபவர்களுக்கு இந்த வழி மூடியிருக்கும். கிடைத்த எழுத்துகளை விட்டுவிட்டு வேறு சொல் போட அங்கே அனுமதி இல்லை. அதனால் அங்கே ஆரம்பத்திலேயே வடிகட்ட வேண்டும். முதல் சொல்லாக ஸ்லேட், அதாவது எழுதும் கற்பலகை. அதில் டீ மட்டும் மஞ்சளாகி மற்றவை சாம்பலானால் சைட், லைட், எய்ட் மூன்றும் போயின. அடுத்து தார்ன், அதாவது முள். இது டீ-யில் தொடங்குவதால் விதியை மீறாது. ஆர், என் இரண்டையும் சேர்த்துச் சோதித்துவிடும். அவையும் சாம்பலாகி, டீ பச்சையாகாமல், எச் மஞ்சளாக நின்றால் எட்டில் மிஞ்சுவது ஃபைட், மைட் இரண்டு மட்டும். அப்போது உங்கள் கையில் இன்னும் நான்கு வாய்ப்பு இருக்கும்.