பெயர் கடைசியில், கல் முதலில்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாறைகளைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது? ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, நிலவியல் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

ஐயா, நான் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். கையில் ஒரு கல்லைக் கொடுத்தால் விழிக்கிறார்கள்.

பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள் டீச்சர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கை ஜல்லி, ஓர் உடைந்த கடப்பாக் கல், மார்பிள் துண்டு, ஆற்றுக் கூழாங்கல் எல்லாம் சேகரியுங்கள். கழுவி, ஈரத்தோடு பார்க்கச் சொன்னால் நிறமும் புள்ளியும் பளிச்சென்று தெரியும். அவர்கள் இஷ்டத்துக்குப் பிரிக்கட்டும். புள்ளிப் புள்ளியாக இருப்பது, அடுக்கடுக்காக இருப்பது, வரிவரியாக இருப்பது என்று அவர்களே குவித்துவிடுவார்கள். பெயர் அப்புறம் வரட்டும்.

பரிட்சையில் பாதிப் பேர் ‘உருமாறிய பாறை என்றால் உருகிய பாறை’ என்று எழுதுகிறார்கள்!

தப்பு பிள்ளைகள் மேல் இல்லை; இரண்டு சொல்லும் ‘உரு’ என்றே தொடங்குகின்றன. உருகினால் அது கற்குழம்பு. ஆறி இறுகினால் தீப்பாறை ஆகிவிடும். உருமாறிய பாறை உருகவே இல்லை. சூட்டிலும் அழுத்தத்திலும், திடமாக இருந்தபடியே மாறியது.

இதற்குச் செங்கல்லை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. களிமண் சூளைக்குள் போகிறது. உருகி ஓடவில்லை, அறுத்த வடிவத்திலேயே வெளியே வருகிறது. ஆனால் இனி தண்ணீரில் கரையாது. அதே பொருள்தான், குணம் வேறு. சூளையில் சூடு மட்டும்தான். பூமிக்குள் மேலே இருக்கும் பாறைகளின் பாரமும் சேரும் என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்புக்கல் மார்பிள் ஆவதையும் களிப்பாறை சிலேட்டுக் கல் ஆவதையும் காட்டுங்கள். மெழுகை உருக்கிக் காட்டும் செய்முறையை இந்த இடத்தில் தயவுசெய்து தவிருங்கள். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

கிரானைட்டில் பெரிய பெரிய மணி தெரிகிறது, பசால்ட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் தீப்பாறைதானே?

கற்கண்டையும் சர்க்கரையையும் பக்கத்தில் வையுங்கள். பாகு பல நாள் அசையாமல் இருந்தால் கற்கண்டு போலப் பெரிய படிகம் வளரும். சீக்கிரம் இறுகினால் சர்க்கரை போலப் பொடிப் படிகம்தான். ஆழத்தில் மெல்ல ஆறியது கிரானைட். தரைக்கு மேல் கொட்டிச் சீக்கிரம் ஆறியது பசால்ட். தக்காணத்தில் 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அப்படித்தான் கொட்டியது. கடையில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்பது பெரும்பாலும் கிரானைட்டே இல்லை. அதை வகுப்பில் கிளறாதீர்கள்.

சாக்பீஸ் மேல் வினிகர் விட்டேன். நுரைக்கவில்லை. மானம் போயிற்று.

வினிகர் பட்டால் நுரைப்பது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் பொருள். இப்போது வரும் சாக்பீஸ் பல ஜிப்சம் என்ற வேறு கனிமத்தால் ஆனவை, நுரைக்காது. அதே சுண்ணாம்புப் பொருளால் ஆன முட்டை ஓட்டில் விட்டுக் காட்டுங்கள். மார்பிளைச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் விட்டாலும் குமிழி வரும்.

ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறுவதைக் காட்டும் பாறைச் சுழற்சிப் படத்தில் அம்புக்குறி ஒரே வட்டமாக ஓடுகிறது. அப்படியே நடத்தலாமா?

வேண்டாம். வட்டம் என்றதும் வரிசை என்று நினைத்துக்கொள்வார்கள். தீப்பாறை நேராக உருமாறலாம். மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறை மறுபடி உடைந்து மணலாகலாம். ஊர்களுக்கு நடுவே ஓடும் பஸ் மாதிரி, எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்று சொல்லுங்கள். “அடியில் போனது மேலே எப்படி வரும்?” என்று ஒரு வாண்டு நிச்சயம் கேட்கும். எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்து, பூமியின் அசைவால் மெல்ல மேலே தூக்கப்பட்ட சுண்ணாம்புக்கல் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு வாயைப் பிளக்கும்.

விழுப்புரம் பக்கம் அழைத்துப் போக ஏதாவது இடம்?

திருவக்கரை கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள். மரத்தின் இடுக்குகளில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) கலந்த நீர் புகுந்து கல்லாக்கியிருக்கிறது. துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ள விடாதீர்கள்.

பரங்கிமலையில் எடுத்த கல்லை என் மகள் காட்டி, இது எந்த வகை என்கிறாள்.

கருமையாக, எண்ணெய் தடவியது போல இருந்தால் சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் அந்தப் பெயர். தீப்பாறையா, உருமாறியதா என்று அறிஞர்களே நெடுங்காலம் சண்டை போட்டார்கள். அதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லுங்கள் அம்மா.